எடெல்மீரா வீட்டு ஜன்னல்

என் நாத்தனார் எடெல்மீராவின் வீட்டுக்குள் நுழைவது ஆபரேஷன் அறைக்குள் நுழைவதைவிடக் கஷ்டம். வாசலில் பிளீச்சிங் தண்ணீரில் ஊறிய சாக்கு கிடக்கும். ஷூவை அதில் தேய்க்க வேண்டும். கையை நீட்டினால் ஆல்கஹால் தெளிப்பாள். திரும்பச் சொல்லி முதுகிலும் ஒரு தெளிப்பு. கொரோனா வந்த இரண்டாம் வருஷ டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடிலில் நின்ற கழுதையைக்கூட அவள் விடவில்லை. அதன் ஒரு காதில் பெயின்ட் போயே போய்விட்டது.

இவ்வளவும் என் புருஷன் அபெலார்டோவுக்காக. அவளுடைய ஒரே தம்பி. கொரோனா வருவதற்கு முந்தைய வருஷம் அவருக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தது எடெல்மீராதான். உடம்பு அதை ஒதுக்கிவிடாமல் இருக்க அவர் சாப்பிடும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியையே அமுக்கி வைத்திருந்தன. தடுப்பூசிகூட அவர் உடம்பில் சரியாக வேலை செய்யவில்லை. இந்த நோய் வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டரம்மா என்னிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சாமான்களைத் தொட்டு வருவதைவிட, அடைத்த அறையில் அடுத்தவர் விட்ட மூச்சை இழுத்துத்தான் இது அதிகம் வருகிறது, பத்துப்பேர் சேர்ந்து பாடினால் இன்னும் மோசம், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார்.

ஜன்னலைத் திறப்பதா? எங்கள் துன்ஹாவிலா? இந்த மலையூரில் சாயங்காலக் குளிர்காற்று முதுகில் பட்டால் வாய் கோணும், நெஞ்சில் சளி கட்டும், ஆளையே கொண்டுபோகும் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பஸ் ஜன்னலை ஒரு விரல் அகலம் நகர்த்திப் பாருங்கள், பின் சீட்டிலிருந்து பாதிரியாரே திட்டுவார். எடெல்மீராவோ ஜன்னல் இடுக்கிலெல்லாம் செய்தித்தாளைத் திணித்து, கதவுக்கடியில் போர்வையைச் சுருட்டி வைப்பவள். அப்படிப்பட்ட கூடத்தில்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் நவநாள் நடக்கும். தெருவே வந்து உட்காரும். முதலில் ஜெபம். பிறகு மராக்கா கிலுகிலுப்பை குலுக்கித் தொண்டை கிழியப் பாட்டு. கடைசியில் பாலாடைக்கட்டி பிசைந்து பொரித்த புனுவேலோ உருண்டைகள். முகக்கவசமெல்லாம் முதல் பாட்டிலேயே தாடைக்கு இறங்கிவிடும்.

போகவேண்டாம் என்று அபெலார்டோவிடம் கெஞ்சினேன். முந்தின வருஷம் ஊரடங்கில் நவநாளே நடக்கவில்லை. அவர் ஆணியில் தொங்கிய திப்ளே கித்தாரை எடுத்துத் தந்தி கூட்டிக்கொண்டே கேட்டார்: "நவநாளுக்கு வாசிக்கக்கூட முடியலேன்னா, அக்கா குடுத்த சிறுநீரகத்தை வச்சுக்கிட்டு நான் என்னதான் செய்றது, நூபியா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதல் நாள் அந்த எரிச்சலோடுதான் போனேன்.

பாட்டு தொடங்குமுன் எழுந்துபோய்த் தாள்களை உருவி ஜன்னலைத் திறந்தேன். எடெல்மீரா வந்து சாத்தினாள். மறுபடி திறந்தேன். மறுபடி சாத்தினாள். ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் உருட்டுவதை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவள் தாள்களைப் பொறுமையாகத் திரும்பத் திணித்தாள்.

"அவனுக்குள்ள இருக்கிறது என்னோடது. அதைக் குளிர்ல வாட விடமாட்டேன்," என்றாள்.

இதற்குமேல் வாயைத் திறந்தால் நான்தான் கெட்டவள். உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் எண்ணெய் காய்ந்து கருகியது. எடெல்மீரா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். ஆனால் புகை கூடத்துக்கு வந்துவிட்டது. போக வழியில்லாமல் விளக்கைச் சுற்றி அப்படியே நின்றது. கடைசி நாற்காலியில் இருந்த அபெலார்டோகூட இருமினார். அவர் இருமியதும் நான் எழுந்துவிட்டேன்.

"அண்ணி, இதைப் பாருங்க," என்றேன். "அடுப்படியில கிளம்பினது எங்கயோ உக்காந்திருக்கிறவர் மூக்குல போய் ஏறுது பாருங்க. மூச்சும் இதே மாதிரிதான். கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். நீங்க சாக்குல மருந்து ஊத்துறீங்க. இந்த நோய் கால் வழியா வரல அண்ணி."

அவள் தலையைத் தூக்கிப் புகையைப் பார்த்தாள்.

"புரியுதுடி. எனக்கென்ன மூளை இல்லையா?" குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பா மூச்சு முட்டுதுன்னு சொன்னப்ப ஜன்னலைத் திறந்துவிட்டது நான்தான். விடியறதுக்குள்ள போயிட்டார்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. இவளிடம் போய் வீம்பு பிடித்தோமே என்று இருந்தது.

அபெலார்டோ திப்ளேயைக் கீழே வைத்தார். அவருக்கும் இது புதுசு என்று முகத்திலேயே தெரிந்தது.

"அக்கா, அப்பா நெஞ்சு பூரா சுரங்கத்துக் கரி. ஒரு மாசமாவே மூச்சு வாங்கிக்கிட்டுதானே கெடந்தார். நீ திறந்தியே, அதுதான் அவருக்குக் கடைசியா கெடைச்ச நல்ல காத்து."

எடெல்மீரா ஜன்னலுக்குப் போய்த் தாள்களை ஒவ்வொன்றாக உருவினாள். ஜன்னல் கதவு இரண்டையும் அகலத் திறந்தாள். குளிர் திபுதிபுவென்று உள்ளே வந்தது. புகை நகர்ந்தது. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கம்பளி ருவானாப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்கள்.

குடிலுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் அவளுடைய நாற்காலி. அதைத் தரதரவென்று இழுத்துவந்து ஜன்னலுக்கும் தம்பிக்கும் நடுவில் போட்டாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ருவானாவை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"காத்து உள்ள வரணும் அண்ணி," என்றேன் மெதுவாக.

"வரட்டும். என் முதுகைத் தாண்டி வரட்டும்."

நான் சொன்னதை அவள் முழுசாக நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவைக் கொண்டுபோன காற்று தம்பியைத் தேடி வந்தால் முதலில் தன்னைக் கொண்டுபோகட்டும் என்றுதான் அங்கே உட்கார்ந்திருந்தாள். அபெலார்டோ வாசிக்கத் தொடங்கினார். பல் கிட்டிக்கொண்டிருந்ததால் அவளால் பாட முடியவில்லை. ஒன்பது நாளும் அந்த இடத்தைவிட்டு அவள் நகரவில்லை.