காஜாவும் பையும் ரயில் பக்கம்

பாக்கர் மாஸ்டர் காலை வண்டியில் மண்டபத்தில் வந்து இறங்கும்போது ஓலைப்பெட்டி நிறையத் தொதல் அல்வா கொண்டுவந்தார். மகள் நிக்காஹுக்குக் கிண்டியது. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் மணக்க மணக்க அந்தப் பெட்டியைப் பயிற்சி நிலையத்து மேசைமேல் வைத்தார். வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவர் இல்லாத ஒரு வாரத்தில் தைத்து முடித்த சட்டைகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. காக்கிச் சட்டைகள், மொத்தம் நூறு. மாஸ்டருக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. மேலே இருந்த ஒன்றை உதறி, கழுத்துப்பட்டையை விரலால் நீவி, தையலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டினார். பிறகு ஆசை அடங்காமல் தான் போட்டிருந்த சட்டைக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டார். பொத்தான் மாட்டக் கை போயிற்று. போன கை நின்றது. இருட்டில் தாழ்ப்பாளைத் தேடுகிறவர் மாதிரி விரல்கள் நெஞ்சுமேல் தடவிக்கொண்டே இருந்தன.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இராமலட்சுமி, மாஸ்டர் சந்தோஷத்தில்தான் தடுமாறுகிறார் என்று நினைத்தாள்.

"தங்கச்சி, இதுல பை எங்கன இருக்கு?"

"முன்னாடிதான் இருக்கு, மாஸ்டர்."

"முன்னாடி இருக்கு. வலது பக்கம்ல இருக்கு."

இராமலட்சுமி உத்தரகோசமங்கைப் பக்கத்து விவசாயச் சம்சாரி வீட்டுப் பெண். ரயில்வேயில் வேலை பார்க்கும் கணவனோடு மண்டபத்துக்கு வந்தவள். இராமநாதபுரத்துச் சேவா சங்கம் ஏழைப் பெண்களுக்கு ஒரு தையல் பயிற்சி நிலையம் திறந்து, அதை நடத்தும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தது. அவளுக்குத் தைக்கத் தெரியாது. தைக்க வைப்பதுதான் அவள் வேலை. அது என்ன வேலை என்று கேட்பீர்கள். வள்ளங்கள் கரைக்கு வந்தால் மீனவர் தெருப் பெண்கள் ஓடிவிடுவார்கள். ஆகவே வள்ளம் வருவதற்குமுன் வகுப்பை முடிக்க வேண்டும். முஸ்லிம் தெருப் பெண்கள் கடைத்தெரு வழியாக வரமாட்டார்கள். ஆகவே பின்சந்தில் ஒரு கதவு உடைத்து வைக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு உத்தரத்தில் தூளி கட்ட வேண்டும். ராத்திரி அடித்த உப்புக்காற்றில் துருவேறிய மிஷின்களுக்கு விடிந்ததும் எண்ணெய் போட வேண்டும். வீடுவீடாகப் போய் மாமியார்களிடம் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, அவர்களுடைய மூட்டுவலிக்கு மருந்து சொல்லி, கடைசியில்தான் மருமகளை அனுப்பும்படி கேட்க வேண்டும். இத்தனையும் செய்து பதினாறு பெண்களை எட்டு மிஷின்களுக்குமுன் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாள்.

அவ்வளவும் நடந்த பிறகு ஒரு சிக்கல் வந்தது. தையல் சொல்லிக்கொடுக்கப் பெண் கிடைக்கவில்லை. கிடைத்தவர் பாக்கர் மாஸ்டர். அந்நிய ஆணுக்கு முன்னால் எப்படி உட்காருவது என்று முஸ்லிம் பெண்கள் தயங்க, மீனவப் பெண்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். இராமலட்சுமி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். சரக்கு அடுக்கி வைத்த பழைய கிட்டங்கி அது. கிழக்கே ஒரு பெரிய கதவு, மேற்கே ஒரு பெரிய கதவு. நடுவில் வெள்ளைக் காடாத் துணியைத் திரையாகக் கட்டினாள். கிழக்கே மாஸ்டர், மேற்கே பெண்கள். காலை வெயில் மாஸ்டரின் முதுகுப் பக்கம் ஏறி வர, அவருடைய கையும் கத்தரியும் துணியும் திரையில் பளிச்சென்று நிழலாக விழுந்தன. அந்த நிழலைப் பார்த்தே பெண்கள் கற்றுக்கொண்டார்கள். மிஷின் சத்தத்தைக் கேட்டே மாஸ்டர் திருத்தினார். "யாரு அது, நூலு இறுக்கமா இருக்கு பாருங்க" என்பார். இருக்கும். தைத்த துண்டுகள் திரைக்கு அடியில் போய் வந்தன. சங்கத்துக்காரர்கள் சிரித்தார்கள்; ஆனால் மூன்றே மாதத்தில் அந்தப் பெண்கள் கையும் கழுத்தும் தைத்ததைப் பார்த்தபின் சிரிப்பு நின்றது.

அப்போதுதான் முதல் வேலை வந்தது. உப்பளத்துக்காரர் ஒருவர், சுதந்திர தினத்தன்று கொடியேற்றி முடித்ததும் தம் ஆட்களுக்குக் கொடுக்க நூறு சட்டை கேட்டார். சங்கக் காரியதரிசி சேதுராமன் நேரிலேயே வந்து துணியை இறக்கிவிட்டு, ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். இது தேறினால் உப்பளத்து வேலை வருஷம் பூராவும் இங்கேதான், பயிற்சி முடித்த பதினாறு பேருக்கும் கூலி உண்டு. தேறாவிட்டால் மிஷின்கள் பரமக்குடிக்குப் போய்விடும், அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விடிந்தால் சுதந்திர தினம். நூறு சட்டையிலும் பை வலது பக்கம். காஜாவும் மாறியிருந்தது. பொத்தான் நுழைகிற துளைக்குத்தான் காஜா என்று பெயர்; ஆண் சட்டையில் அது இடது பக்கம் இருக்க வேண்டும். நூறிலும் வலது பக்கம் இருந்தது.

எப்படி நடந்தது என்று மாஸ்டருக்குத்தான் முதலில் பிடிபட்டது. மாதிரிக்காக அவர் தம்முடைய சட்டையையே திரையில் குத்திக் காட்டியிருந்தார். சட்டையின் முகம் அவர் பக்கம், முதுகு பெண்கள் பக்கம். காகிதத்தில் எழுதியதைப் பின்பக்கமிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? அப்படித்தான் தெரிந்திருக்கிறது. கையும் கழுத்தும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதனால் இதுவரை தப்பு வெளியே வரவில்லை. மாதிரிச் சட்டையாவது இங்கே இருந்திருக்கலாம். நல்ல சட்டை அது ஒன்றுதான் என்பதால் மாஸ்டர் அதைப் போட்டுக்கொண்டே நிக்காஹுக்குப் போய்விட்டார்.

கணவன் சட்டையைத் தினமும் துவைத்துப் போட்டும் அதில் பை எந்தப் பக்கம் என்று இராமலட்சுமிக்கு நினைவில் வரவில்லை. சட்டை போட்ட எத்தனை ஆண்களோடு தினமும் பேசுகிறோம், ஒருத்தர் நெஞ்சையாவது பார்த்தோமா என்று நினைத்தாள். நினைத்ததும் அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆண்களின் நெஞ்சை எந்தப் பெண் பார்ப்பாள்?

பின்சந்துக் கதவு திறந்து பெண்கள் வந்து உட்கார்ந்ததும் அவள் திரையைத் தாண்டிப் போய் உள்ளதைச் சொன்னாள். மீன் விற்கிற ராக்குதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்டு மனுசன் கல்யாணத்தன்னிக்கே துண்டோடதான் வந்தாரு. அவருக்குச் சட்டைல வலது ஏது, இடது ஏதுன்னு நான் எங்கிட்டுப் போயிப் பாக்க?"

"எங்கூட்ல ஜிப்பாதான். தலை வழியா மாட்டுறது. பொத்தானே கழுத்துல ரெண்டுதான்" என்றாள் முஸ்லிம் தெரு மலிகா.

சிரிப்பு ஒரு மிஷினிலிருந்து அடுத்த மிஷினுக்குப் பரவியது. திரைக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஆனால் தாஜுன்னிசா சிரிக்கவில்லை. கணவன் கொழும்புக் கடையோடு இருந்துவிட்டவன். இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தாள் அவள். உப்பளத்து வேலை வந்தால் பின்சந்திலேயே ஒரு அறை பிடிக்கலாம் என்று ஒருநாள் இராமலட்சுமியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இப்போது ஒரு சட்டையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பொத்தானை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"லாத்தா, பையப் பிரிச்சு அந்தப் பக்கம் வச்சிரலாம்" என்றாள் இராமலட்சுமியிடம். "இந்தக் காஜாவ நூலு போட்டு மூடிட்டு, மூடுன எடத்து மேலேயே பொத்தான வச்சுத் தச்சுப்புட்டா என்ன? பொத்தானு மறச்சுக்கிரும். பழைய பொத்தானு இருந்த எடத்துல புதுசாக் காஜா வெட்டிக்கிருவோம்."

இராமலட்சுமி ஓடிப்போய் அதை மாஸ்டரிடம் சொன்னாள். மாஸ்டர் தலையிலிருந்து கையை எடுத்தார். எழுந்து நின்றார். "யா அல்லாஹ், ஆகும்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கிட்டங்கி கிட்டங்கியாக இல்லை, பெரிய மீன்பாடு விழுந்த நாளில் கரை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இராமலட்சுமி வேலையைப் பிரித்தாள். பை பிரிக்க நான்கு பேர், காஜாவை மூடிப் பொத்தான் தைக்க நான்கு பேர், புதுக் காஜா வெட்டி ஓரம் தைக்கக் கை நிதானமுள்ள ஆறு பேர், மிஷினில் பை வைக்க இரண்டு பேர். குழந்தைகளுக்குத் தொதலைத் துண்டு போட்டுக் கையில் கொடுத்தாள். ராக்குவின் கணவன், பொண்டாட்டி கரைக்கு வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். அவனையே மீனைப் பிரிக்க அனுப்பிவிட்டாள். அவன் முனகிக்கொண்டே போனதைக் கேட்டு ராக்குவுக்கு உற்சாகம் இன்னும் கூடியது.

நடுவில் ஒரு குழப்பம். மாஸ்டர் இந்தப் பக்கமிருந்து, பை இடது பக்கம், இடது பக்கம் என்று கத்த, அந்தப் பக்கமிருந்து மலிகா கேட்டாள்.

"யாரு இடது, மாஸ்டர்? ஒங்க இடதா, எங்க இடதா, சட்டையோட இடதா?"

ஊரில் யாருக்கும் குழம்பாத இரண்டு திசை உண்டே என்று இராமலட்சுமிக்கு அப்போதுதான் தோன்றியது. அந்த ஊரில் வடக்கே கடல், தெற்கே ரயில் பாதை. திரையைப் பார்த்து உட்கார்ந்து, சட்டையின் கழுத்து திரையைப் பார்க்க முன்பக்கத்தை மேலாக விரிக்கச் சொன்னாள். "காஜாவும் பையும் ரயில் பக்கம். பொத்தான் கடல் பக்கம். அம்புட்டுத்தான்" என்றாள். பதினாறு பேரும் அதை வலை இழுக்கும் ஏலேலோப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே தைத்தார்கள். அதன் பிறகு ஒரு சட்டைகூடத் தப்பவில்லை.

வெயில் உச்சியைத் தாண்டி மேற்குக் கதவுக்குள் சாய்ந்தபோது வேறொன்று நடந்தது. வகுப்பு எப்போதும் முற்பகலோடு முடிந்துவிடும். மாலை வெயிலை அந்தத் திரை கண்டதில்லை. இப்போது பெண்களின் நிழல் மாஸ்டர் பக்கம் விழுந்தது. மூன்று மாதமாகச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், குனிந்த தலைகளையும், நூலை இழுத்து இழுத்து மேலே எழும் கைகளையும் முதல்முறையாகப் பார்த்தார். வேகமாகப் போகும் ஒரு கையைக் காட்டி அது யார் என்று மெதுவாகக் கேட்டார். தாஜுன்னிசா என்றாள் இராமலட்சுமி. மாஸ்டர் அதற்குமேல் கேட்கவில்லை. மரியாதையாகத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தம் மடியில் இருந்த காஜாவைப் பார்க்கத் தொடங்கினார்.

பிற்பகல் வண்டி வந்தது. அதில் சேதுராமன் வந்துவிடுவார். அதே வண்டி பாம்பன் போய்த் திரும்பும்போது மூட்டையோடு ஏறுவதாகத் திட்டம். பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் முடிந்திருந்தது. மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, நல்ல சட்டைகளை மேலே வைத்துக் கட்டிவிடலாம், உப்பளத்து ஆட்களும் துண்டு கட்டினவர்கள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். இராமலட்சுமி மூட்டைக் கயிற்றைக் கையில் எடுத்தாள். எடுத்துக்கொண்டு யோசித்தாள். மிஷின் இங்கே இருக்க வேண்டும், அதற்கு என்னவும் செய்யலாம் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் கட்டின மூட்டையை யாரோ ஒருவன் நாளைக்குக் கொடிக்கம்பத்தடியில் பிரிப்பான். பொத்தானைத் தேடி நெஞ்சைத் தடவுவான். அவனைச் சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். வாழ்நாளில் முதல் சட்டை போடுகிறவனாக அவன் இருப்பான். கயிற்றைக் கீழே போட்டாள்.

சேதுராமன் கதர் ஜிப்பாவும் குடையுமாக உள்ளே வந்தார். இராமலட்சுமி ஒரு கையில் திருத்திய சட்டையும் மறு கையில் திருத்தாத சட்டையுமாக அவர்முன் நின்று, முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். திரையைக் கட்டியது நான்தான், அதனால் தப்பும் என்னுடையதுதான் என்றும் சொன்னாள். அவர் குடையை மடக்கவே மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் திருத்திய சட்டையை வாங்கினார். ஒரு பொத்தானை நகத்தால் தூக்கி, அடியில் மூடியிருந்த காஜாவைத் தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி தேடினார்.

"ஏம்மா, இதுல எங்கன இருந்துச்சு ஓட்டை?"

"பொத்தானுக்கு அடியில இருக்குய்யா."

"இது யாரு ரோசனை?"

இராமலட்சுமி திரையைப் பார்த்தாள். அங்கிருந்து ராக்குவின் குரல், "தாஜுன்னிசாய்யா, எங்க தாஜுன்னிசா" என்றது. யாரோ அவளைக் கிள்ளியிருக்க வேண்டும், ஸ் என்று ஒரு சத்தம்.

சேதுராமன் சிரிக்கவில்லை. மிச்சம் எத்தனை என்று கேட்டார். நாற்பதுக்குள் என்றாள். கொடியேற்றம் எட்டு மணிக்கு என்பதையும், உப்பளத்துக்காரர் வாக்குத் தவறினால் பொறுக்க மாட்டார் என்பதையும், பரமக்குடிக்காரர்கள் இன்று காலையிலும் ஆள் அனுப்பியதையும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். பாம்பனிலிருந்து வண்டி திரும்பி வரும் கூவல் கேட்டது. அவர் ஸ்டேஷன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார்.

"விடிகாலை வண்டி ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்குய்யா."

"வெள்ளைக்காரன் ஜெயில்ல எட்டு மாசம் எனக்குப் பொத்தான் தைக்கிற வேலைதான் குடுத்தான். காஜா வராது. பொத்தான் வரும்." மாஸ்டருக்குப் பக்கத்தில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "ஒரு ஊசி குடுக்கச் சொல்லும்மா. கண்ணு சரியில்ல, நூலக் கோத்தே குடுக்கச் சொல்லு."

இராமலட்சுமி சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டி ஸ்டேஷனில் நின்று, மூச்சு வாங்கி, கிட்டங்கியின் ஓடுகள் அதிர இராமநாதபுரத்தைப் பார்த்துப் புறப்பட்டது. அந்த அதிர்வில் அசைந்த திரைக்கு அடியிலிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை நீண்டு வந்தது. விரல்களுக்கு நடுவில் நூல் கோத்த ஊசி. திரைக்கு இந்தப் பக்கம் யார் வாங்கப் போகிறார்கள் என்று தெரியாமல் அந்தக் கை அங்கேயே காத்திருந்தது.