நார் இல்லாத சூப்

வன்னஸ், தடித்த வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் தண்டுகளை நீளவாக்கில் பிளந்து மூன்றாம் முறையாக அலசினான். இரண்டாம் அலசலிலேயே மண் போய்விட்டது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

மாலை ஆறு மணிக்கு ஃபீன் வருவாள். ஒன்பது வயது மகள். பிரிந்தபோது எழுதிக்கொண்ட ஏற்பாடு இதுதான்: வருடத்தின் வாரங்களை எண்ணி, ஒற்றைப்படை வாரம் அம்மா கத்ரெய்ன் வீட்டில், இரட்டைப்படை வாரம் அப்பா வீட்டில். ஞாயிறு மாலை கைமாறும்.

கிறிஸ்துமஸ் வாரம், ஐம்பத்திரண்டாவது, அவனுடையது. அந்த வாரத் தொடக்கத்தில் அவன் வைத்த சூப்பில் ஒரு லீக்ஸ் நார் அவள் பல்லில் சிக்கியது. விரலால் இழுத்துத் தட்டின் ஓரத்தில் போட்டாள்.

"அம்மா சூப்புல முடியெல்லாம் இருக்காது."

அதன்பின் வாரம் முழுக்க ரொட்டியும் சீஸும்தான். கிளம்பும்போது ஷூ மாட்டிக்கொண்டே கேட்டாள்: "நான் எப்பவும் அம்மா வீட்டுலயே இருந்துக்கலாமாப்பா?"

"பார்க்கலாம்" என்றான். அது போன ஞாயிறு.

இந்த முறை தண்டின் கரும்பச்சைப் பகுதியை அறவே ஒதுக்கினான். வெள்ளைப் பகுதியை மெல்லிய வளையங்களாக நறுக்கி, கொஞ்சம் வெண்ணெயில், மூடி போட்டு, சிறு தீயில் வதக்கினான். இரண்டு உருளைக்கிழங்கு, நான்கு கேரட், ஒரு துண்டு செலரி, மூழ்குமளவு தண்ணீர். இருபது நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து, கை பிளெண்டரின் தலை மேலே வராமல் அமிழ்த்திப் பிடித்து அரைத்தான். பிறகு சல்லடையில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து வடித்தான். ஆரஞ்சு நிறத்தில் பட்டுப்போல இருந்தது. உப்பு சரிதானா? மூன்று முறை ருசி பார்த்ததில் நாக்கே மரத்துப்போனது.

ஆறு மணி ஆனது. ஆறேகாலும் ஆனது. ஆறரைக்குப் போன் செய்தான்.

"கிளம்பியாச்சா?"

"எங்க கிளம்பணும்?" என்றாள் கத்ரெய்ன். "நாளைலேர்ந்து எத்தனாவது வாரம்?"

"இன்னையோட ஐம்பத்துமூணு முடியுது. அப்போ ஐம்பத்துநாலு."

"வருஷத்துக்கு அத்தனை வாரம் எங்கேர்ந்து வந்துச்சு? புது வருஷம், ஒண்ணாவது வாரம். ஒத்தப்படை. எப்பவாவது ஐம்பத்துமூணு வாரம் வர்ற வருஷத்துல இப்படி ரெண்டு ஒத்தை சேர்ந்து வரும். கையெழுத்துப் போட்டப்ப நீதான அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படிச்ச?"

படித்தான்தான். கால்புள்ளிகளைக்கூடச் சரிபார்த்தான். இது கண்ணில் படவில்லை.

"அவகிட்ட குடுக்கிறியா?"

போன் கைமாறும் சத்தம். பின்னால் தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள்.

"அப்பா, சூப் வெச்சியா?"

"வெச்சேன்."

"முடி இருக்கா?"

"இல்லடா. வடிகட்டிட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்போ எனக்கு எடுத்து வை. அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன்ல. மொத்தத்தையும் நீயே குடிச்சிடாத, பானைவயிறு."

போனை வைத்தான். மேசையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. சின்னதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, தனக்கு ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தான். குளிர்பெட்டியின் முனகல் தவிர வீட்டில் சத்தமில்லை. நான்காவது வாயில் நாக்கின் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. விரலால் எடுத்து விளக்கடியில் பிடித்தான். வெளிர்பச்சையில், கண் இமை நீளத்துக்கு ஒரே ஒரு நார்.

கிண்ணத்தில் மிஞ்சியதைத் தொட்டியில் கொட்டினான். துவைத்து மடித்த மெல்லிய துணியொன்றை எடுத்துச் சல்லடைமேல் விரித்து, பானையிலிருந்த அத்தனையையும் முதலிலிருந்து வடிக்கத் தொடங்கினான். துணி வழியே அது சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. முக்கால் மணி நேரம் நின்றான். அவசரம் என்ன, முழுதாக ஒரு வாரம் இருக்கிறது. பிறகு டப்பாக்களில் நிரப்பி, மூடிகளில் '2-வது வாரம்' என்று எழுதி, உறையவைக்க அடுக்கினான்.

அப்புறம் ரொட்டியை அறுத்து, சீஸ் வைத்து, நின்றபடியே தின்றான்.