பாதி வண்டிக்கு ஒரு கணினி

…இல்லை, கண்ணாடி வைத்த கணினிப் பெட்டி வேண்டவே வேண்டாம், உள்ளே விசிறி சுற்றுவதை வேடிக்கை பார்க்கவா இதை வாங்குகிறேன், நூற்றுப் பதினைந்து யூரோ, அதில் பாதி கண்ணாடிக்கும் வானவில் விளக்குக்கும், அந்தப் பாதி கிராபிக்ஸ் கார்டுக்குப் போனால் காட்டுப்பாதையின் கற்கள் ஒவ்வொன்றாகத் தெரியும், கீழ்த்தட்டில் அந்தக் கறுப்புத் தகரப் பெட்டி கிடக்கிறதே, ஐம்பத்தைந்து, எந்த அலங்காரமும் இல்லாமல், அதுதான் எனக்கு, யார் சிரித்தால் என்ன. நோட்டில் குறித்துக்கொண்டேன். பென்சில்தான். மழையில் பேனா மை கரைந்துவிடும் என்று பதினொரு வருடம் பென்சிலால் எழுதிய கை, இப்போது சூடான கடைக்குள் நின்றுகொண்டும் பென்சிலைத்தான் தேடுகிறது… வெளியே நவம்பர், பாதி பனி பாதி தண்ணீர், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கே விளக்குப் போட்டுக்கொண்டு போகும் கார்கள். ஆயிரத்து இருநூறு. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. மிச்சம் பிடித்து நல்ல பெயர் வாங்கும் எண்ணமும் கிடையாது. இஸ்மோ வங்கிக்கு அனுப்பிய பணம், கூடவே ஒரு வரி, 'வண்டியில் உன் பாதி'. என் பாதி என்றால் எது? வலது பக்க இருக்கைதான். அவன் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவான், நான் வலது பக்கம் உட்கார்ந்து மடியில் நோட்டை வைத்து வரப்போகும் வளைவுகளை வாசிப்பேன், பதினொரு வருடம், எங்கள் ஊர் யுவாஸ்கூலாவைச் சுற்றி நடந்த அத்தனை காட்டுப்பாதைக் கார்ப் பந்தயங்களிலும், இடது ஐந்து, நூறு மீட்டர், மேடு, வலது மூன்று… ஒன்று என்றால் வண்டி திரும்புவதே பாடு, ஆறு என்றால் வளைவு என்றே தெரியாது. விவாகரத்தாகி இரண்டு வருடம் கழித்து அந்த இருக்கைக்கு விலை வைத்திருக்கிறான். இருக்கட்டும். அந்த இருக்கையை விற்றுத்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிறேன்.

பச்சைச் சட்டை போட்ட ஒருவர் வருகிறார், முப்பது வயதிருக்கும், மார்பில் தோபியஸ் என்று பெயர்ச்சீட்டு, வரும்போதே கண்கள் என்னையும் தகரப் பெட்டியையும் என் பஸ் கம்பெனி ஜாக்கெட்டையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டன, வாயைத் திறப்பதற்கு முன்பே என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "பையனுக்குப் பரிசா மேடம்?" எனக்கு என்றேன். "ஓ… வீட்ல இருந்து ஆபீஸ் வேலை பாக்கவா?" இல்லை, கார் ஓட்ட. சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார், அந்த மட்டில் நல்லவர். "அப்ப ரெடியா மாட்டி வச்ச மெஷின் ஒண்ணு இருக்கு, ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தொம்பது, கொண்டுபோய் ப்ளக்கைச் சொருகினாப் போதும், உங்களுக்குத் தலைவலியே இல்ல." எனக்குத் தலைவலி வேணும் என்றேன். அவருக்குப் புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை… எத்தனை வருடம் தலைவலி இல்லாமல் வைத்திருந்தார்கள் என்னை. தொலைக்காட்சி வாங்கப் போனபோது, துணி துவைக்கும் எந்திரம், சானா என்கிற நீராவிக் குளியலறைக்கு அடுப்பு, நான் மட்டுமே ஓட்டிய காருக்குப் பனிக்கால டயர், எல்லாவற்றுக்கும் இஸ்மோ ஒரே வசனம்தான் வைத்திருந்தான், "இதுல எல்லாம் நீ எதுக்கு மண்டையக் குழப்பிக்கற தைனா, நான் பாத்துக்கறேன்." பார்த்துக்கொண்டான், இல்லை என்று சொல்லவில்லை, டயர் நல்ல டயர்தான், அடுப்பும் இன்றைக்கு வரைக்கும் எரிகிறது. ஆனால் ஒரு கடையில், ஒரு அலமாரி முன்னால், எது எதோடு சேரும் எது சேராது என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளும் சுகம் ஒன்று இருக்கிறதே, அதை இருபத்தாறு வருடம் அவன் ஒருவனே அனுபவித்தான்.

மகள் ஈதா வியாழக்கிழமை போன் பண்ணினாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், "அம்மா, அந்தக் காசுக்கு ஒரு நல்ல கோட்டு வாங்கிக்கோயேன், இல்லாட்டி கிரீஸ் போய் ஒரு வாரம் வெயில்ல படுத்துட்டு வா. அம்பத்தி மூணு வயசுல யாராவது கேம் ஆடுவாங்களா? அப்பாவுக்குத் தெரிஞ்சா சிரிப்பாரும்மா." சிரிக்கட்டும், நீயே சொல்லிவிடு என்றேன். டிப்போவில் பிர்யோ அதற்கு மேல், காபி மெஷின் முன்னால் எல்லோரும் கேட்க, "எட்டு மணி நேரம் பஸ் ஓட்டினது பத்தலையாடி உனக்கு, வீட்டுக்குப் போயும் ஓட்டணுமா?" இருபது வருடமாக நான் செய்வது ஓட்டுவதா பிர்யோ? முப்பதில் போ, நிறுத்தம், கதவு, கிழவர் உட்காரும் வரை காத்திரு, கதவு, முப்பதில் போ. பின்சீட்டில் ஒருவர் கையில் இருக்கும் காபி சிந்தக்கூடாது. சிந்தியதே இல்லை. அந்தக் கவனத்தின் மறுபக்கம் என்று ஒன்று எனக்குள் இருக்காதா? ஒரே ஒரு முறை இஸ்மோவிடம் கேட்டேன், மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன், பந்தயம் முடிந்து எல்லோரும் தீ மூட்டி சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தோம், காலிப் பாதைதானே, ஒரு தடவை நான் ஓட்டிப் பார்க்கட்டுமா. "உனக்கு வாய், எனக்குக் கால்," என்றான், "மாத்திக்கிட்டா ரெண்டு பேரும் மரத்துமேலதான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம், நான் சிரித்ததை என்ன செய்வது?

"லிஸ்ட்டைக் கொஞ்சம் பாக்கலாமா மேடம்?" தோபியஸ் நோட்டை வாங்கிக்கொண்டார். என் பெயர் தைனா, மேடம் எல்லாம் வேண்டாம் என்றேன். விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே வருகிறார், பிராசசர், மதர்போர்டு, பவர் சப்ளை, நான் மூன்று வாரம் நூலகத்துக் கணினியில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எழுதியது, கண்கள் அந்த விரலையே தொடர்கின்றன, நிற்காதே நிற்காதே… நின்றுவிட்டது. "இந்த ராம் மெமரி வாங்கிட்டீங்களா?" பையிலிருந்து எடுத்துக் காட்டினேன், ஊருக்கு வெளியே ஒருவர் பழையது விற்றார், நாற்பது யூரோ. "இது முந்தின தலைமுறை. நீங்க எழுதியிருக்கற போர்டு புதுசு. நடுவுல இருக்கற வெட்டு பாருங்க, இடம் மாறியிருக்கும், அமுக்கினாலும் உள்ள போகாது." காது சூடாகிறது எனக்கு. இஸ்மோ பின்னால் நிற்பது போல, ஒன்றும் சொல்லாமல், அந்த மூச்சு மட்டும்… போ அந்தப் பக்கம். என் தப்பு, என் நோட்டு, என் பென்சில், நானே திருத்திக்கொள்கிறேன். "புது ராம் ஒண்ணு போட்டுக்கலாம், நூத்திப் பத்து, அதுக்குக் கிராபிக்ஸ் கார்டுல ஒரு படி எறங்கிக்கலாம்," என்கிறார். இறங்குவதா? கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டேன். ராமை ஏன் மாற்ற வேண்டும், நாற்பது கொடுத்தாகிவிட்டது, மற்றதை மாற்றினால் என்ன. போர்டையும் பிராசசரையும் அதே முந்தின தலைமுறைக்கு இறக்கு. போர்டில் நாற்பத்தைந்து மிச்சம், பிராசசரில் எண்பத்தைந்து, ஆக நூற்று முப்பது, அது அப்படியே கார்டுக்கு, இறங்குவதற்குப் பதிலாக ஒரு படி ஏறுகிறது. எழுதிக் காட்டினேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ரெண்டு மூணு வருஷம் கழிச்சு பிராசசர மாத்தணும்னா போர்டு, ராம் எல்லாத்தையும் சேத்து மாத்தணுமே தைனா." நான் ஓட்டும் பஸ்ஸுக்குப் பதினாலு வயது தோபியஸ், இன்று காலையும் கிளம்பியது. இப்போது சிரித்தார், நன்றாகவே சிரித்தார். "உண்மையச் சொன்னா என் வீட்டு மெஷினும் இதே கணக்குதான். கடைக்கு லாபம் கம்மி, அதான் சொல்றதில்ல."

பழைய ஸ்டியரிங்கும் பெடலும் நூற்றெண்பதுக்கு ஏற்கெனவே வாங்கி வீட்டில் சமையலறை மேசையடியில் இருக்கிறது, திரைக்குத் தொலைக்காட்சி போதும், எல்லாம் கூட்டினால் பத்து யூரோ மிஞ்சும், அதற்குக் காபியும் ஏலக்காய் பன்னும்… ஜெயித்தேன் என்று சொல்லலாமா? சொல்லலாம், சொல்லிக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள். "சாமான உள்ள இருந்து எடுத்துட்டு வர்றேன், கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அங்க உக்காந்து ஓட்டிப் பாருங்களேன், கிட்டத்தட்ட இதே கார்டுதான் அதுலயும் இருக்கு." மூலையில் ஒரு இருக்கை, ஸ்டியரிங், மூன்று பெடல், பெரிய திரை. இடது பக்க இருக்கை. உட்கார்ந்தேன், ஜாக்கெட்டைக் கழற்றக்கூட இல்லை. திரையில் சரளைப் பாதை, இரண்டு பக்கமும் பைன் மரங்கள், இந்தக் காட்டை வரைந்தவன் இங்கே நின்று பார்த்திருக்க வேண்டும், மண்ணின் அந்தச் செம்பழுப்பு அப்படியே இருக்கிறது. பிறகு ஒரு ஆண்குரல், உணர்ச்சியே இல்லாமல், இடது ஐந்து, நூறு, வலது நாலு… ஐயோ, இது என் வேலை, என் வேலையை எவனோ செய்கிறான். அவன் வாசிக்கட்டும். நான் கால். மிதித்தேன். வண்டி பாய்ந்தது, பின்பக்கம் வழுக்கியது, கை தானாகவே எதிர்ப்பக்கம் திருப்பியது, எங்கே கற்றது இந்தக் கை? வலது நாலு, பிரேக், திருப்பு, மிதி, சரளை அடியில் தெறிக்கும் சத்தம், முப்பது யார் கேட்டது, நூற்றுப் பத்து, நூற்று இருபது, யாருடைய காபியும் இல்லை, பின்சீட்டே இல்லை, வாய்விட்டு என்னவோ கத்தினேன், பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி திரும்பிப் பார்த்தார்கள், பாருங்கள், நன்றாகப் பாருங்கள். மேடு, இடது மூன்று என்றது குரல். தெளிவாகக் கேட்டது. மூன்று என்றால் மூன்று, எனக்குத் தெரியாத மூன்றா, நானே ஆயிரம் முறை சொன்ன மூன்று. கேட்டேன், புரிந்தது, கால் மட்டும் இன்னும் மேட்டுக்கு முன்னாலேயே இருந்தது. மேடு தாண்டியதும் பாதை அங்கே இல்லை, மரங்கள்தான் இருந்தன.

திரை அசையாமல் நிற்கிறது, உடைந்த கண்ணாடி வழியே பைன் பட்டை. என் இடது கை தோளருகே காறையெலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எப்போது போனது அங்கே… ஒன்பதாவது வருடம், ஆகஸ்ட், மேடு, இடது மூன்று. எனக்குக் காறையெலும்பு இரண்டாக, இஸ்மோவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆம்புலன்ஸில் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், மூணுன்னு சொன்னேன், நான் மூணுன்னுதான் சொன்னேன். "கேட்டுச்சு," என்றான். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி. அதற்கப்புறம் எத்தனை சாப்பாட்டு மேசையில் அந்தக் கதையை நான் சொல்லியிருப்பேன், கிறிஸ்துமஸ், ஈதாவின் பட்டமளிப்பு, 'நான் மூணுன்னேன், ஐயா காதுல அஞ்சுன்னு விழுந்துடுச்சு', எல்லோரும் சிரிப்பார்கள், அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் கேட்கவில்லை என்பதுதான் அந்தக் கதை. அந்தக் கதையின் மேல்தான் நான் வீட்டை விட்டு வெளியேறினேன் என்று சொன்னால் பொய்யாகாது. கேட்டிருக்கிறானோ? இப்போது நான் கேட்ட மாதிரி, கால் மட்டும் பிந்தி? அதனால் என்ன, கேட்டிருந்தாலும் என்ன, சாசேஜ் தீக்கு முன்னால் அவன் சொன்னது சொன்னதுதான், டயரும் அடுப்பும் டிவியும் அவன் தேர்ந்தெடுத்ததுதான், ஒரு மேட்டுக்காக இருபத்தாறு வருடத்தை நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. ஒரு யூரோகூடத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

தள்ளுவண்டி நிறையப் பெட்டிகளோடு தோபியஸ் வந்துவிட்டார், திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கவலைப்படாதீங்க, அந்த மேட்டுல எல்லாரும்தான் போய் விழறாங்க. அந்தக் குரல் தொந்தரவா இருந்தா நிறுத்திடலாம், நெறய பேர் நிறுத்திடுவாங்க." நிறுத்தாதீங்க, என்றேன், சத்தமாகவே வந்துவிட்டது. "சரி சரி. அப்ப எப்ப சொல்லணுங்கறத மாத்தலாம்." குனிந்து எதையோ அழுத்தினார், திரையில் மூன்று சொற்கள் வந்தன, முன்னதாக, வழக்கம்போல், தாமதமாக. "இப்ப 'வழக்கம்போல்'ல இருக்கு. முன்னதாக வச்சுக்கங்க, காலு தயாரா இருக்கும். ரொம்ப வித்தியாசம் எல்லாம் இல்ல, முக்கால் நொடி இருக்கும். ஆனா அந்த முக்கால் நொடிதான் எல்லாமே." முக்கால் நொடி. நான் மூன்று என்று சொன்னேன். சொன்னேனா என்று யாரும் கேட்டதில்லை, அது எல்லோருக்கும் தெரியும், ஹெல்மெட் மைக்கின் ஒலிப்பதிவிலும் இருக்கிறது. எப்போது சொன்னேன்? மேட்டுக்கு எத்தனை மீட்டர் முன்னால்? அன்றைக்குக் காலையில் மழை, நோட்டின் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, விரலால் பிரித்தேன், பிரித்தது நினைவிருக்கிறது, பிரிக்க எவ்வளவு நேரம் ஆனது என்பது… பன்னிரண்டு வருடத்தில் என்னை யாரும் அதைக் கேட்கவில்லை. அவன்கூட. ஏன் அவன் கேட்கவில்லை? "முன்னதாக வச்சுடட்டுமா தைனா?" என்கிறார் தோபியஸ். வேண்டாம், நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். பில்லைப் போடுங்கள், பெட்டிகளை வாசலில் வையுங்கள், இதோ வருகிறேன், இன்னும் ஒரே ஒரு முறை. அவர் போகும்வரை காத்திருந்தேன். பிறகு 'தாமதமாக' என்பதை அழுத்திவிட்டுக் கியரைப் போட்டேன்.