தாமதமாகத் திரும்பிய எலக்ட்ரான்

என் மூலக்கூறுக்குத் திங்கட்கிழமை வரைதான் ஆயுள் என்று தேவகி மேடம் சொல்லிவிட்டார். அவர்தான் என் ஆராய்ச்சி வழிகாட்டி. அந்த மூலக்கூறின் ஒரு பக்கம் எலக்ட்ரானைக் கொடுக்கும், மறுபக்கம் வாங்கிக்கொள்ளும். ஒளி பட்டால் எலக்ட்ரான் தாவும். திரும்பி வரும்போது நேரே வீடு சேராமல் டிரிப்லெட் என்ற நிலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டினால், விளக்கை நிறுத்திய பிறகும் கொஞ்சம் ஒளிரும். மூன்று வருடமாக ஒரு மினுக்கல்கூட இல்லை. "வேற மூலக்கூறு பார்க்கலாம், ஷாரோன்" என்றார். வந்த ஆத்திரத்தில் எங்கள் ஊர் உத்திரமேரூர் வரை பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் மதியம், நைனா மூட்டை தூக்கும் நெல் மண்டிக்குப் போனேன். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கு அங்கே உண்டு. மண்டிக்காரரிடம் கேட்டுவிட்டு, என் மூலக்கூறைப் படலமாகப் பூசிய கண்ணாடித் துண்டை அதன் கீழ் வைத்தேன். நீலமாக ஒளிர்ந்தது. அதுதான் தெரிந்த கதையாயிற்றே. விளக்கை அப்படியே விட்டுவிட்டு, மூட்டைகளுக்கு நடுவே நைனாவோடு சாப்பிட உட்கார்ந்தேன். பாதிச் சோற்றில் கரண்ட் போயிற்று.

ஜன்னலில்லாத கிடங்கு இருட்டாகிவிட்டது. கண்ணாடித் துண்டு மட்டும் பச்சையாக ஒளிர்ந்து மெல்ல அடங்கியது.

"இன்னாம்மா அது, வெளக்கு நின்னப்புறமும் எரியுது?" என்றார் நைனா.

கரண்ட் வந்ததும் கிடங்கு விளக்கை அணைத்துவிட்டு, பையிலிருந்த புதுத் துண்டு ஒன்றை வைத்து, சட்டென்று ஊதா விளக்கை நிறுத்தினேன். ஒன்றுமில்லை. பழைய துண்டை வைத்து நிறுத்தினேன். பச்சை! அப்போதுதான் உறைத்தது. ஆளில்லாத இடத்தில் ஃபேன் ஓடினாலே திட்டு விழும் வீட்டில் வளர்ந்தவள் நான். லேபிலும் விளக்கைப் போட்ட கையோடு நிறுத்திவிடுவேன். படலத்துக்குள் இருக்கும் ஆக்சிஜனோ, உருவாகிற டிரிப்லெட்டை அங்கேயே விழுங்கிக்கொண்டிருந்தது. விடாமல் ஒளி பட்டதில் இன்று அந்த ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கிறது.

நைனாவுக்குச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ இத்தினி நாளும் அந்த டிரிப்லெட்டு உள்ள வந்துகினுதான் இருந்துச்சா?"

"வந்துகினுதான் இருந்துச்சு, நைனா. நாம பாக்கறதுக்குள்ள ஆக்சிஜன் முழுங்கிடுச்சு."

சோற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மேடத்துக்கு வீடியோ கால் போட்டேன். நைனா சுவிட்சில் கை வைத்து நின்றார். நான் தலையாட்டியதும் நிறுத்தினார். பச்சை ஒளிர்ந்து அடங்கியது.

"இன்னொரு தடவை" என்றார் மேடம். நைனா போட்டு நிறுத்தினார்.

"படலத்தைக் கிட்ட காட்டு. இன்னொரு தடவை."

சந்தேகப்படுகிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். திரையில் பார்த்தால், மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ பேசாதே ஷாரோன்," என்றார். "அப்பாவை இன்னொரு தடவை நிறுத்தச் சொல்லு."