நாலு பக்கம் குறைந்த ஜாதகம்

சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் அழகுமீனாவுக்கு வேலை. ஐம்பது பக்கப் பத்திரத்தைக் கொண்டுவந்து, "சர்வே நம்பர் உள்ள பக்கம் மட்டும் போதும்மா" என்பார்கள். அவள் பிடிஎஃப்பைத் திறந்து, வேண்டிய பக்கங்களை டிக் செய்து, தனி ஃபைலாகப் பிரித்துக் கொடுத்துவிடுவாள்.

இந்த வித்தை வீட்டுக்கும் உதவும் என்று கண்டுபிடித்தவர் அவளுடைய அப்பா உக்கிரபாண்டி. மல்லாங்கிணற்றில் எட்டு ஏக்கர் கரிசலுக்குச் சொந்தக்காரர். மழை பெய்யாததற்கும் மகளுக்குக் கல்யாணம் ஆகாததற்கும் ஒரே வானத்தைத்தான் திட்டுவார். அழகுமீனாவின் ஜாதகத்தில் எட்டில் செவ்வாய். ஆறு வருடத்தில் ஏழு சம்பந்தம் அதைப் பார்த்துவிட்டு நழுவியிருந்தது. ஊரில் யாரிடமும், தரகரிடம்கூட, தோஷத்தைப் பற்றி அவர் மூச்சு விட்டதில்லை.

எட்டாவதாக வந்தவன் பாண்டிமுருகன். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் பிரஸ்ஸில் சூப்பர்வைசர். முன்பு ஆமத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அவளுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "அப்பளம் இன்னொண்ணு கேளுங்க, நான் கேட்டா தரமாட்டேங்கிறாக" என்றவன். அவள் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்கே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இவன் இல்லையென்றால் அப்புறம் யார் வந்தாலும் ஒன்றுதான் என்றுகூடத் தோன்றியது.

பையன் வீட்டார் முதலில் பெண் ஜாதகத்தைக் கேட்டார்கள். அது சரிப்பட்டால்தான் அவர்கள் ஜாதகம் வரும்.

"தாயி, கம்ப்யூட்டர் ஜாதகம் அறுபத்திரெண்டு பக்கத்துல செவ்வாய் நாலு பக்கந்தான். அதை உருவிட்டு மிச்சத்தை அனுப்பு" என்றார் உக்கிரபாண்டி.

"கட்டத்தைப் பாத்தாலே தெரிஞ்சிரும்ப்பா."

"இப்ப எவன் கட்டம் பாக்குறான்? அம்புட்டுப் பேரும் வாசிக்கத்தான் செய்றான்."

தப்பு என்று தெரிந்தேதான் செய்தாள். ஆசை யாரை விட்டது? நல்லவேளையாக அந்த ஜாதகத்தில் பக்க எண் கிடையாது.

அப்பா சொன்னது அப்படியே பலித்தது. பையனின் அப்பா லட்சுமிகாந்தம் தாலுகா ஆபீசில் முப்பது வருடம் ஃபைல் பார்த்து ரிட்டையர் ஆனவர். ஜோசியரிடம் போகுமுன் ஐம்பத்தெட்டுப் பக்கத்தையும் பேனாவும் கையுமாகத் தானே படித்தார். மூன்றாம் நாள் போன் செய்தார்.

"பொண்ணு, படிப்பு எல்லாம் திருப்தி. ஆனா தோஷமே இல்லையேங்க. எங்க பயலுக்கு ஏழுல செவ்வாய். தோஷம் உள்ள பொண்ணாத் தேடித்தான் ரெண்டு வருசமா அலையுறோம். இது சரிப்படாது."

உக்கிரபாண்டி மனசுக்குள் கணக்குப் போட்டார். உள்ளதைச் சொன்னால் கல்யாணம். ஆனால் சொன்னால் மறைத்தது வெளியே வரும். "நல்லாப் பாருங்க, இருந்தாலும் இருக்கும்" என்று மட்டும் முனகினார்.

அழகுமீனாவுக்குப் பொறுக்கவில்லை. அப்பாவைக் கேட்காமலே முழு ஜாதகத்தையும் அனுப்பினாள். அரை மணி நேரத்தில் லட்சுமிகாந்தத்திடமிருந்து அப்பாவுக்குப் போன்.

"நேத்து வரைக்கும் இல்லாத செவ்வாய் நாங்க கேட்டதும் எப்படிங்க வந்துச்சு? பொண்ணு கம்ப்யூட்டர் சென்டர்லதான வேலை பாக்குது?"

உக்கிரபாண்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்களைப் பொய்க்காரங்கன்னா சொல்றீக? என் மகளுக்கு அசல் தோஷங்க! எந்தக் கோயில்ல வேணாலும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றேன்!"

அழகுமீனா போனை வாங்கினாள். "மாமா, மூணாம் பக்கத்துல கட்டம் இருக்கு. முதல்ல அனுப்புனதுலயும் அதே கட்டந்தான். உங்க ஜோசியர்கிட்ட காமிங்க. நாலு பக்கத்தை எடுத்தது நாந்தான்." அந்த 'மாமா' அவளை மீறித்தான் வந்தது.

மறுநாள் லட்சுமிகாந்தம் போனில் அவளைத்தான் கூப்பிட்டார். "ஜோசியர் பாத்துட்டாரும்மா. அசல் செவ்வாய்தான். பத்துக்கு ஒன்பது பொருத்தம். இப்படி அமையுறது கஷ்டமுன்னுட்டாரு." அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "ஆனா நான் ஃபைல் பாத்தவன். ஃபைல்ல தாளை உருவினவுகளை மறுபடி நம்ப எனக்கு மனசு வராது. தப்பா எடுத்துக்காத தாயி."

பாண்டிமுருகன் ஒரே ஒரு தடவை பேசினான். அப்பாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்ததாகச் சொன்னான். அன்று முழுக்க அழகுமீனா அழுதாள்.

சம்பந்தம் ஏன் முறிந்தது என்று ஊரில் கேட்டார்கள். ஜாதகத்தை மறைத்து மாட்டிக்கொண்டோம் என்றா சொல்ல முடியும்? உக்கிரபாண்டி டீக்கடையில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என்னத்தச் சொல்ல, மகளுக்குச் செவ்வாய் தோஷம். அதான் தட்டிப்போச்சு." ஆறு வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஊருக்கே விளம்பரம் செய்துவிட்டார்.

அந்த வாரமே, தோஷமுள்ள பையன்களைப் பெற்றவர்கள் மூன்று பேர் வீடு தேடி வந்தார்கள். மூன்று பேரும் மரியாதையானவர்கள். ஒருவர்கூடப் பாண்டிமுருகனின் அப்பா இல்லை.