ஐயாவின் ஆயிரமாவது கட்டுரை

அந்தப் பல்கலைக்கழகத்தில் மீனுக்கு நோய் வந்தாலும் சரி, மண்ணுக்கு நோய் வந்தாலும் சரி, கட்டுரையில் முதல் பெயர் துணைவேந்தருடையதுதான். மனிதர் படித்தது வணிகவியல். மீனைச் சாப்பாட்டுத் தட்டுக்கு வெளியே பார்த்ததில்லை. ஆனாலும் அவர் பெயரில்லாமல் ஒரு கட்டுரை வாசல் தாண்டாது. பதவிமேல் பதவியாக ஏறியதே அப்படித்தான். ஆயிரமாவது கட்டுரைக்குத் தனக்குத்தானே விழா எடுத்து, ஆளுயர மாலைக்குள் நின்று கண்ணீர் வேறு விட்டார்.

மீன் நோய் பற்றிய அந்த ஆயிரமாவதுதான் விலங்கியல் பேராசிரியையின் வேலைக்கு உலை வைத்தது. சோதனை பாதியில் இருக்கும்போதே கட்டுரையைப் பிடுங்கி, இல்லாத முடிவுகளைத் தானே இட்டு நிரப்பி அனுப்பிவிட்டார். குட்டு உடைந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

"எல்லாம் நீங்களே எழுதி, என்னைக் கேக்காம என் பேரைப் போட்டதா சொல்லிடுங்க மேடம். எச்சரிக்கையோட விட்டுடறேன். இல்லேன்னா வேலை போயிடும். வீட்டுக்காரர் வேற படுத்த படுக்கையா இருக்காராமே?" ஆரஞ்சைச் சுளை சுளையாக வாயில் போட்டபடி கேட்டார். அந்த வாயில் தன் கணவரின் பேச்சு வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி வந்திருந்தார். துறைத்தலைவர்கள் எல்லாரும் சாட்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள். துணைவேந்தர் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒப்பித்தாள். தன் மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

"கேக்காம எப்படிம்மா ஒருத்தர் பேரைப் போடுவீங்க?" நீதிபதி நம்பவில்லை.

துணைவேந்தர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வேதியியல் தலைவருக்குப் பொறுக்குமா? ஐயா வீட்டு நாயை ஊசிக்குக் கூட்டிப்போகிற விசுவாசி ஆயிற்றே. துள்ளி எழுந்தார். "இங்க அதான் சார் வழக்கம். நானும் கேக்காமதான் போடுவேன். ஐயாவுக்கு ஒண்ணுமே தெரியாது!"

வரலாற்றுத் துறை பின்தங்கலாமா? "நானும்தான் சார். ஐயா படிச்சுக்கூடப் பாக்க மாட்டார்."

உட்காருங்கள் என்று துணைவேந்தர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். அதைப் பாராட்டு என்று நினைத்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். இந்த வாலாட்டும் கூட்டத்தில்தான் இத்தனை வருஷம் தானும் நின்றதை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

நீதிபதி துணைவேந்தர் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்களே எழுதினது எது சார்?"

"ஒண்ணுமே இல்லீங்க சார்!" என்றார் வேதியியல், பெருமையாக.

அவள் எழுந்தாள். வேலை போனால் போகட்டும்.

"இருக்கு சார். இந்த மீன் கட்டுரையில இருக்கிற பொய் முழுக்க ஐயா சொந்தமா எழுதினது."