காஜா மைதீன் காலில் வளர்ந்த தோல்

1958-இல் காஜா மைதீனின் வலது பாதத்தில் ஒட்டிய தொடைத் தோல், புண்ணை மூடிய பிறகும் நிற்காமல் வளர்ந்தது. விரல்களைப் போர்த்தி, கணுக்காலைத் தாண்டி, முழங்கால் வரை ஏறியது. அதற்குமேல் போக மனசில்லாமல் மடிப்பு மடிப்பாகத் தொங்கிற்று. அந்த வருஷம் திருச்சியில் கத்திரிக்காய் விலை ஏறியதும் இதுவும்தான் பேச்சு.

ஆளுக்குத் திருச்சிக்குப் பக்கத்துச் செம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போனதால் சுண்ணாம்பு தின்றது தெரியவில்லை. ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு முழங்காலுக்குக் கீழே வெட்டணும் என்றார். வெட்டிய காலைத் துணி சுற்றி அடக்கம் செய்வது வழக்கம். ஜமாஅத்தார் கபர்ஸ்தானில் இடம்கூடப் பார்த்துவிட்டார்கள். பெண்டாட்டி சுராயா அழுதாள். காஜா மைதீன் எழுந்து உட்கார்ந்தார். "காலை முன்னாடி அனுப்பிட்டு நான் பின்னாடி நொண்டிக்கிட்டுப் போறதா? போனா சேர்ந்து போறோம். கத்தியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புங்க."

ஸ்ரீரங்கத்துச் சின்ன டாக்டர் திருவேங்கடம் மட்டும் கிளம்பவில்லை. ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கி, அழுகலைச் சுரண்டி, தொடையில் மெல்லிசாகத் தோல் சீவிப் புண்மேல் பரத்தினார். கட்டைத் தொடக்கூடாது என்று சொல்லிப் போனார். டாக்டர் பேச்சை யார் நம்புவது? பதனிடும் ஆவாரம்பட்டைத் தண்ணி காட்டாத தோல் அழுகிப்போகும் என்பது ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சுராயாவிடம் சொல்லி அந்தத் தண்ணியை வரவழைத்துக் கட்டின்மேல் தினம் ஊற்றிக்கொண்டார்.

கட்டைப் பிரித்த டாக்டர் கத்தினார். "அட பாவி! செருப்பு தைக்கவாய்யா ஒட்டினேன்?"

"தோல்னா தோல்தாங்க," என்றார் காஜா மைதீன்.

தோல் பிடித்திருந்தது. செம்பழுப்பு நிறம், ஷாப்பு வாசனை.

வளர்ந்து தொங்கினதைச் சீவி எறிய மனசில்லாமல், லால்குடி விவசாயி பிச்சமுத்துவின் குதிகால் புண்ணில் டாக்டர் வைத்துப் பார்த்தார். ஒருத்தர் தோல் இன்னொருத்தருக்கு நிலைக்காது என்று அவர் படித்த புத்தகத்தில் இருந்தது. தோல் அதைப் படிக்கவில்லை. அப்புறம் அரியமங்கலம், உறையூர் என்று சர்க்கரைப் புண்காரர்கள் வந்து ஒட்டிக்கொண்டு போனார்கள். கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற அழகிரி ஐயங்கார்தான் முகம் சுளித்தார். "தோல் ஷாப்புக்காரன் தோலோட பெருமாளை எப்படி ஓய் சேவிக்கறது?"

"அப்ப ஒத்தைக் கால்ல நின்னு சேவிங்க சாமி," என்றார் காஜா மைதீன்.

ஐயங்கார் ஒட்டிக்கொண்டார். பெருமாள் ஒன்றும் கேட்கவில்லை.

1964-இல், மாற்றலில் போயிருந்த பெரிய டாக்டர் திரும்ப வந்தார். இப்படித் தோல் வளர்வதே ஒரு வியாதி, காலை எடுத்து மெட்ராஸுக்கு ஆராய்ச்சிக்கு அனுப்பணும் என்றார். ஆளனுப்பிக் காஜா மைதீனைத் தூக்கிவந்து கட்டிலோடு கட்டிப்போட்டார். மறுநாள் காலை வெட்டுவதாக ஏற்பாடு. காஜா மைதீன் கெஞ்சவில்லை. "வச்சுப் பாரு கத்தியை," என்றார்.

அவர் சொன்ன நிமிஷம், லால்குடியில் மடை திருப்பிக்கொண்டிருந்த பிச்சமுத்துவின் கால் சேறும் சகதியுமாக ரோட்டில் ஏறியது. ஐயங்காரின் கால் பாதிப் பாசுரத்தில் அவரை இழுத்துக்கொண்டு காவிரிப் பாலத்துக்கு நடந்தது. விடிந்தபோது ஆஸ்பத்திரி வாசல் நிறையக் கால்கள். கால்கள் வந்ததால் ஆட்களும் வந்திருந்தார்கள்.

"யாரைக் கேட்டு வந்தீங்க?" என்று பெரிய டாக்டர் அதட்டினார்.

"எங்களை யாருங்க கேட்டா? அது கிளம்பிடுச்சு," என்றார் பிச்சமுத்து. "நீங்க அவர் மேல கத்தி வச்சா, இது யாரை மிதிக்கும்னு எங்களுக்குத் தெரியாது."

"நான் சொன்னாலும் கேக்காது ஓய்," என்றார் ஐயங்கார்.

பெரிய டாக்டர் அத்தனை கால்களையும் ஒருமுறை பார்த்தார். தன் கையாலேயே காஜா மைதீனைக் கட்டிலிலிருந்து அவிழ்த்துவிட்டார். அதற்கப்புறம் அங்கே சர்க்கரைப் புண்ணோடு யார் வந்தாலும் கத்தியைத் தேடுவதில்லை. "உக்காருங்க, காஜா பாய் ஜும்மா தொழுகை முடிச்சுட்டு வரட்டும்," என்று பெஞ்சைக் காட்டினார்கள்.